சைக்கிள் ஷூவுக்குத் தாங்கும் இன்சோல்: புதிதாக ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஞாயிறு காலை முட்டுக்காடு பாலத்தருகே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மாமல்லபுரம் போய்த் திரும்புகிறவர்களில் யாராவது ஒருவர் ஒரு காலைப் பெடலிலிருந்து கழற்றிக் காற்றில் உதறிக்கொண்டே போவார். முன்பாதம் எரியும், இல்லையென்றால் விரல்கள் மரத்துப் போயிருக்கும். கிளீட் ஷூ (பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளீட் என்ற கொக்கித் துண்டு அடியில் உள்ள ஷூ) வாங்கிய முதல் ஆறு மாதம் நானும் அப்படித்தான் உதறிக்கொண்டு ஓட்டினேன். கோவளம் வரைக்கும் ஒன்றும் தெரியாது. திருவிடந்தை வருவதற்குள் இடது பாதத்தின் முன்பக்கம் யாரோ தணலை வைத்து அழுத்துவதுபோல இருக்கும். மருந்துக்கடையில் மெத்தென்ற ஜெல் இன்சோல் ஒன்று வாங்கி உள்ளே வைத்தேன். எரிச்சல் இன்னும் கூடியது. ஏன் கூடியது என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. அந்த வருடம் உங்களுக்கு மிச்சமாகட்டும்.

நடக்கும்போது குதிகால் முதலில் தரையைத் தொடுகிறது, பிறகு பாரம் மெல்ல முன்னே நகர்ந்து விரல்கள் வழியாக விடுபடுகிறது. சைக்கிளில் அந்த நகர்வே கிடையாது. முழு அழுத்தமும் பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் பின்னால் வரிசையாக இருக்கும் எலும்பு முனைகளின் மேல்தான் விழுகிறது. நிமிடத்துக்குத் தொண்ணூறு சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு காலுக்கு 5,400 அழுத்தம். ஷூவின் அடிப்பாகமோ நைலானிலோ கார்பனிலோ செய்த கெட்டிப் பலகை. அது வளையாது, பாதத்துக்கு ஏற்றபடி இடம் கொடுக்காது. கடையில் ஷூவோடு வரும் இன்சோல் பெரும்பாலும் மெல்லிய தட்டை ஸ்பாஞ்ச். அதனால் உள்ளங்காலின் குழிவான நடுப்பகுதிக்கு அடியில் வெற்றிடம்தான் இருக்கிறது. முன்பாதம் மட்டும் தனியாகப் பாரம் சுமக்கிறது.

சென்னையில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. ஏலகிரி ஏறினால் இறங்கும்போதாவது கால் சும்மா இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. எதிர்காற்று இருந்தால் ஒரு நொடிகூட மிதிப்பதை நிறுத்த முடியாது. இரண்டு மூன்று மணி நேரம் ஒரே இடத்தில், ஒரே மாதிரி அழுத்தம். போதாததற்கு வெக்கையில் பாதம் வீங்கும். வீங்கிய பாதத்தை ஷூ நெருக்கும்போது விரல் எலும்புகளுக்கு நடுவில் ஓடும் நரம்பு நசுங்கும். எரிச்சலும் மரப்பும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

நல்ல இன்சோல் செய்கிற வேலை, அந்தக் குழிவை நிரப்பி, பாரத்தில் ஒரு பங்கை நடுப்பாதத்துக்கும் கொடுப்பது. கூடவே இன்னொன்றும் செய்கிறது. மிதிக்கும்போது சிலருக்குப் பாதவளைவு கீழே அமிழும். அப்போது முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு உள்பக்கம் திரும்பி, முழங்கால் சைக்கிள் சட்டத்தை நோக்கிச் சாயும். வளைவை அமிழாமல் பிடித்தால் அந்தச் சாய்வும் குறையும். இந்த இரண்டுக்கும் வேண்டியது கெட்டியான தாங்கல். நம் ஊரில் கால்வலி என்று சொன்னாலே “எம்.சி.ஆர் செருப்பு வாங்கிப் போடு” என்பார்கள். உணர்ச்சி குறைந்த பாதங்களில் புண் வராமல் காக்க அந்த மென்மையான ரப்பர் நல்லது, நடப்பதற்கும் சுகமாக இருக்கும். ஆனால் அதே யோசனையோடு சைக்கிள் ஷூவுக்கு ஜெல் வைத்தால், குழிவுக்கு அடியில் அது நசுங்கிவிடும், முன்னால் தடிமனாக நின்று ஷூவுக்குள் இருந்த கொஞ்ச இடத்தையும் பிடித்துக்கொள்ளும். எனக்கு எரிச்சல் கூடியது அதனால்தான்.

முதலில் ஷூவைப் பாருங்கள்

இன்சோல் வாங்கும் எண்ணம் வந்ததும் நேராகக் கடைக்குப் போகாதீர்கள். அகலம் போதாத ஷூவுக்குள் எந்த இன்சோலை வைத்தாலும் நிலைமை மோசமாகத்தான் ஆகும்.

சைக்கிள் ஷூக்களில் பல ஐரோப்பியக் கால் வடிவத்தை வைத்து செய்தவை. நம் பாதங்கள் முன்பக்கம் அகலம். அடையாறில் 1948 முதல் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், இந்தியர்களுக்கென்றே காலணி அளவு முறை ஒன்றை உருவாக்க 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட இந்தியப் பாதம் அகலமானது என்பது அதில் தெரியவந்த முக்கியமான விஷயம். ‘பா’ என்று பெயரிட்ட அந்த அளவு முறை சைக்கிள் ஷூவுக்கு வரும் வரை நாமேதான் பார்த்து வாங்க வேண்டும். அந்த நிலையத்தைத் தாண்டி சர்தார் பட்டேல் சாலையில் ஓட்டும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

சோதனை எளிது. சாயங்காலம், முடிந்தால் ஒரு ஓட்டம் முடித்த பிறகு, பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் செய்யுங்கள். ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வையுங்கள். வழக்கமாகப் போடும் சாக்ஸோடு அதன்மேல் முழு எடையும் இறங்க நில்லுங்கள். சுண்டுவிரலின் அடிப்பகுதி ஓரத்தைத் தாண்டி வெளியே வழிகிறதா? கொஞ்சம் வழிந்தால் பரவாயில்லை, மேல்துணி இழுத்துக் கொடுக்கும். பாதி விரல் வெளியே நின்றால் அந்த ஷூ உங்களுக்குக் குறுகல். நீளத்தில் விரல் நுனிக்கு முன்னால் அரை சென்டிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும்.

குறுகலாக இருந்தால் இன்சோலுக்கு வைத்த பணத்தை அகலமான ஷூவுக்கு மாற்றுங்கள். ஷிமானோ, லேக் நிறுவனங்கள் சில மாடல்களை அகல வடிவிலும் செய்கின்றன. அகலம் வேண்டும் என்பதற்காக ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது பலரும் செய்யும் தவறு. நீளம் கூடினால் குதிகால் ஆடும், பாதவளைவின் இடமும் தள்ளிப்போகும். அப்புறம் எந்த இன்சோலும் சரியான இடத்தில் உட்காராது.

அடுத்து கிளீட்

முன்பாத எரிச்சலுக்குச் செலவே இல்லாத வைத்தியம் பல சமயம் கிளீட்டைப் பின்னால் தள்ளுவதுதான். ஷூவைப் போட்டுக்கொண்டு, பெருவிரலுக்குப் பின்னால் உள்பக்கம் புடைத்திருக்கும் எலும்பைத் தொட்டுப் பார்த்து அதற்கு நேராக ஷூவில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். சுண்டுவிரல் பக்கமும் அதேபோல. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு கொஞ்சம் பின்னால் இருக்கும். கிளீட்டின் நடுக்கோடு இந்த இரண்டு டேப்புக்கும் இடையில் வர வேண்டும். எரிச்சல் உள்ளவர்கள் பின் டேப்பை ஒட்டி வைக்கலாம். பழைய இடத்தைச் சுற்றி மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிட்டு, 4 மில்லிமீட்டர் ஆலன் கீயால் தளர்த்தி, இரண்டு மூன்று மில்லிமீட்டராக நகர்த்துங்கள். ஷூவின் பட்டையையும் டயலையும் ஓட்டத்தின் நடுவில் ஒருமுறை தளர்த்திப் பாருங்கள். காலை ஐந்து மணிக்கு இறுக்கியது ஏழரை மணி வெயிலில் வேறொரு இறுக்கம்.

இதைச் செய்து இரண்டு வாரம் ஓட்டுங்கள். எரிச்சல் போய்விட்டால் சந்தோஷம், இதோடு நிறுத்திக்கொள்ளலாம். போகவில்லை என்றாலோ, முழங்கால் உள்பக்கம் சாய்கிறது என்றாலோ இன்சோல் வேண்டும்.

உங்கள் பாதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

பாதத்தை நனைத்து, மொட்டைமாடி சிமென்ட் தரையிலோ பழுப்புத் தாளிலோ ஊன்றி எடுங்கள். டைல்ஸ் தரையில் அச்சு சரியாகத் தெரியாது. கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜையறை வரை மாவில் போடும் குட்டிப் பாதங்களை நினைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் உள்ளே வளைந்து, வெளிப்பக்கம் ஒரு பட்டையாகக் குதிகாலையும் முன்பாதத்தையும் இணைக்கும். அந்த மாதிரி வந்தால் உங்களுக்கு நடுத்தர வளைவு. இணைக்கும் பட்டை நூலாகவோ இல்லாமலோ இருந்தால் உயர்ந்த வளைவு. உள்பக்கம் வளையாமல் முழுப் பாதமும் பதிந்தால் தாழ்ந்த வளைவு, தட்டைப் பாதம் என்று சொல்வது அதைத்தான்.

தட்டைப் பாதம் என்றதும் பயப்பட வேண்டாம், அது வியாதி இல்லை. வலி இல்லாத தட்டைப் பாதத்தோடு ஆயுள் முழுக்க ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 2,300 இந்தியக் குழந்தைகளின் கால்தடங்களைப் பார்த்து 1992-இல் வெளியிட்ட ஆய்வில், ஷூ அணிந்து வளர்ந்த குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்கும் வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம் பேருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. செருப்பில்லாமல் தெருவில் விளையாடி வளர்ந்த தலைமுறைக்கு அகலமான, வலுவான பாதம் அமைந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஈரத்தடம் பாதி விஷயத்தைத்தான் சொல்லும். மீதிப் பாதிக்கு, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தடம், எழுந்து நின்று ஒரு தடம் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். உட்காரும்போது வளைவு தெரிந்து நிற்கும்போது மறைந்தால் உங்கள் வளைவு அமிழ்கிற வகை. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் தாங்கும் இன்சோலால் அதிகப் பலன். எம்பி விரல் நுனியில் நில்லுங்கள். வளைவு மறுபடியும் எழுந்தால் பாதம் நெகிழ்வாக இருக்கிறது. எம்பினாலும் எழாமல் விறைப்பாகத் தட்டையாகவே இருந்தால் கடை இன்சோலை விட்டுவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டு முழங்காலிலும் சில்லுக்குக் கீழே புடைத்திருக்கும் எலும்பின்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள். நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னர் தாங்கியில் சைக்கிளை மாட்டி, நேர் முன்னால் செல்போனை வைத்து ஐந்து நிமிடம் வீடியோ எடுங்கள். மிதிக்கும்போது பொட்டு மேலும் கீழும் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறதா, கீழே அழுத்தும்போது உள்பக்கம் சாய்கிறதா என்று மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த வீடியோவை அழிக்காதீர்கள். இன்சோல் மாற்றிய பிறகு ஒப்பிட இதுதான் சாட்சி.

கடையில் என்ன பார்க்க வேண்டும்

முதலில் கட்டைவிரல் சோதனை. இன்சோலின் வளைவுப் பகுதியைக் கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். முழுவதும் படுத்துவிட்டால் உங்கள் எடையை அது தாங்காது, கீழே வைத்துவிடுங்கள். திருப்பிப் பாருங்கள், குதிகாலிலிருந்து வளைவு வரை அடியில் பிளாஸ்டிக்கோ, கார்பனோ, கெட்டியான ஈ.வி.ஏ நுரையோ ஓடு மாதிரி இருக்க வேண்டும். குதிகால் உட்காரும் இடம் தட்டையாக இல்லாமல் கிண்ணம் போலக் குழிந்திருந்தால் பாதம் பக்கவாட்டில் நகராது.

அடுத்து முன்பக்கத் தடிமன். இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஓட்டப்பயிற்சி ஷூவுக்கான இன்சோல்கள் முன்பக்கமும் தடிமனாக இருக்கும், ஏனென்றால் அவை தரையில் மோதும் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். சைக்கிளில் மோதல் இல்லை. விரல்களுக்கு அடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். உங்கள் பழைய இன்சோலைக் கையோடு கொண்டுபோய் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

வளைவின் உயரத்தில் என் கருத்து உறுதியானது: சந்தேகம் இருந்தால் தாழ்ந்ததை எடுங்கள். உயரம் கூடினால் அது பாதத்தை வெளிப்பக்கம் தள்ளும், பாரம் சுண்டுவிரல் ஓரத்துக்குப் போகும், முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்கும். ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் பாடி ஜியோமெட்ரி இன்சோல்களில் தாழ்வுக்குச் சிவப்பு, நடுத்தரத்துக்கு நீலம், உயர்வுக்குப் பச்சை என்று நிறம் பிரித்திருக்கிறார்கள். ஜிரோ (Giro) நிறுவனத்தின் சூப்பர்நேச்சுரல் வகையில் மூன்று உயரத்தில் வளைவுத் துண்டுகள் வரும், கழற்றி மாற்றிக்கொள்ளலாம். புதியவர்களுக்கு நான் சொல்வது மாற்றிப் பார்க்க முடிகிற இந்த இரண்டாவது வகை. வலது காலுக்கு ஒரு உயரம், இடது காலுக்கு வேறு உயரம் வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. இரண்டு பாதமும் ஒரே மாதிரி இருப்பவர்கள் குறைவு.

உயரத்தைவிடக் கவனிக்க வேண்டியது வளைவின் உச்சி எங்கே விழுகிறது என்பது. இன்சோலைத் தரையில் வைத்து அதன்மேல் நில்லுங்கள். குதிகாலுக்கு முன்னாலிருந்து முன்பாதம் தொடங்கும் வரை உள்ளங்கை வைத்துத் தாங்குவதுபோலச் சமமாகப் படிய வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் கூழாங்கல் மாதிரி உறுத்தினால் அது உங்கள் பாதத்துக்கானது இல்லை. “போடப் போடப் பழகிவிடும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சில இன்சோல்களில் முன்பக்கம் ஒரு சின்ன மேடு இருக்கும், மெட்டாடார்சல் பட்டன் என்பார்கள். அது எலும்பு முனைகளுக்கு நேர் அடியில் வரக்கூடாது. அவற்றுக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்து, எலும்புகளை லேசாக விரித்து, நரம்புக்கு இடம் கொடுக்க வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் தப்பினாலும் உதவிக்கு வந்ததே உபத்திரவமாகும். விரல் மரத்துப்போகும் தொல்லை இல்லாதவர்களுக்கு இது தேவையே இல்லை. பாதத்தைச் சரித்து வைக்கும் ஆப்புத் தகடுகளும் விற்கிறார்கள். பைக் ஃபிட், அதாவது சைக்கிளை உடலுக்கேற்ப அமைக்கத் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்லாமல் அவற்றை வைக்காதீர்கள்.

சூடாக்கி உங்கள் பாதத்துக்கேற்ப வடிவம் எடுக்கும் இன்சோல்களும் உண்டு. அருமையானவைதான், ஆனால் முதல் இன்சோலாக வேண்டாம். எந்த உயரம் ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகு அதற்குச் செலவு செய்யலாம்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ஒத்துவரவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா? கத்தரித்துவிட்டால் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். அதனால் கத்தரிக்கத் தேவையில்லாத, உங்கள் ஷூ சைஸிலேயே வரும் ஜோடி கிடைத்தால் அதுவே நல்லது.

பொருத்துவதும் பழகுவதும்

பழைய இன்சோலை எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கத்தரிக்க வேண்டியிருந்தால், பழையதைக் குதிகால் சேர்த்து வைத்து அதன் கோட்டை வரைந்து, விரல் பக்கம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். குதிகால் பக்கம் கத்தரியே படக்கூடாது. ஓரம் மடங்காமல், முனை எழும்பாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள்.

புதியது பழையதைவிட மூன்று மில்லிமீட்டர் தடிமன் என்றால் உங்கள் பாதம் பெடலுக்கு மேல் அந்த அளவு உயர்ந்துவிட்டது. சீட்டையும் அதே அளவு உயர்த்துங்கள்.

முதல் ஓட்டத்தை மாமல்லபுரத்துக்கு வைக்காதீர்கள். முதல் வாரம் பெசன்ட் நகரிலோ மெரினாவிலோ அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் போதும். வாரயிறுதியில் அக்கரை வரை போய் வாருங்கள். மூன்றாவது வாரம் முட்டுக்காடு. உள்ளங்காலும் கெண்டைச் சதையும் முதலில் லேசாக அலுத்துப்போகும், அது இயல்பு. கூர்மையான வலி, கொப்புளம், புதிதாக முழங்கால் வலி வந்தால் வளைவை ஒரு படி இறக்குங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இன்சோல், கிளீட், சாக்ஸ் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது கெடுத்தது, எது காப்பாற்றியது என்று கண்டுபிடிக்கவே முடியாது. மூன்று வாரம் கழித்துப் பொட்டு ஒட்டி மறுபடி வீடியோ எடுங்கள். சரியான இன்சோல் அமைந்துவிட்டால் அது இருப்பதே மறந்துபோகும். இதனால் வேகம் கூடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

வியர்வையும் மழையும்

நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்சோல் சீக்கிரம் நாறும், சீக்கிரம் சாகும். வீட்டுக்கு வந்ததும் ஷூவிலிருந்து வெளியே எடுத்து மின்விசிறிக்கு அடியில் நிறுத்தி வையுங்கள். ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கி அடைத்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் அன்றைக்கே சோப்புத் தண்ணீரில் கையால் அலசி நிழலில் உலர்த்துங்கள். வாஷிங் மெஷினும் வேண்டாம், மொட்டைமாடி வெயிலும் வேண்டாம், சூட்டில் பசை விட்டுப்போகும், வடிவம் கோணும். சித்திரை வெயிலில் காருக்குள் ஷூவைப் பூட்டி வைப்பதும் அதே கதைதான். தடிமனான பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய செயற்கை நூல் சாக்ஸ் போடுங்கள். மாதம் ஒருமுறை கட்டைவிரல் சோதனையை மறுபடி செய்யுங்கள், வளைவு தளர்ந்திருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மேலே சொன்ன எதையும் தானாகச் செய்து பார்க்கக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் இன்சோல் உறுத்துவதே தெரியாது. கொப்புளம் புண்ணாகும், புண் ஆறாது. முதலில் பாதப் பரிசோதனை செய்துகொண்டு, மருத்துவர் சரி என்ற பிறகுதான் ஷூவுக்குள் எதையும் வைக்க வேண்டும். ஓட்டாத நேரத்திலும் மரப்பு இருப்பவர்களும், காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்துகிறவர்களும் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

பாதத்தை அச்செடுத்துச் செய்யும் இன்சோல் வேண்டும் என்றால் அது ஆர்த்தோட்டிஸ்ட் எனப்படும் துணைக்கருவி வல்லுநரின் வேலை. கே.கே. நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்திலும், முட்டுக்காட்டில் நாம் வாராவாரம் தாண்டிப்போகும் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்திலும் அந்தத் துறை இருக்கிறது, தனியாரும் செய்கிறார்கள். எங்கே போனாலும் சைக்கிள் ஷூவையும், அதிலிருந்து எடுத்த பழைய இன்சோலையும் கையோடு கொண்டுபோங்கள். சொல்லாவிட்டால் நடப்பதற்கான அளவில் தடிமனாகச் செய்துவிடுவார்கள், அது சைக்கிள் ஷூவுக்குள் நுழையாது. பாரம் முன்பாதத்தில் விழுகிறது, குதிகாலில் இல்லை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.